பழைய வீட்டுக்கு வாரண்டி கேட்கலாமா?

கேள்வி: ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் 14 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட்டில், கடைசி மாடி ஃபிளாட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, "இங்கெல்லாம் பழைய வீடு வாங்கினால் ஹோம் வாரண்டி கிடைக்கும், நீயும் கேளு அக்கா" என்கிறான். புரோக்கரிடம் கேட்டால் சிரிக்கிறார். உண்மையில் இங்கே அப்படி ஏதாவது உண்டா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: உங்கள் தம்பி சொல்வது அங்கே ஒரு சர்வீஸ் ஒப்பந்தம், அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு இருக்கும். ஏசி, ஹீட்டர், பிளம்பிங், வயரிங் கெட்டுப்போனால் ஆள் அனுப்பிச் சரி செய்வார்கள், ஆள் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம் உண்டு. பல நேரம் விற்பவரே பணம் கட்டி வாங்கிக் கொடுப்பார். ஆனால் "வாங்கும்போதே இருந்த கோளாறு", "சரியாகப் பராமரிக்கவில்லை" என்று சொல்லிக் கைவிரிப்பதும் அங்கே சகஜம். சுவர் வெடிப்பெல்லாம் பொதுவாக அதில் வராது.

உங்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம் கையில் இருக்கிறது, புரோக்கருக்குத்தான் தெரியவில்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் கோளாறோ வேலைத் தரக் குறைவோ தெரிந்து பில்டருக்குச் சொன்னால், 30 நாளுக்குள் செலவு வாங்காமல் அவர் சரி செய்துதர வேண்டும். முதலில் வாங்கியவரிடமிருந்து கிரயம் வாங்குகிறவரையும் அந்தச் சட்டம் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. ஆகவே மிச்சம் இருக்கும் இரண்டு வருடம் உங்களுக்கு வரும். கணக்கு உங்கள் பத்திர தேதியிலிருந்து இல்லை, முதல் சாவி கொடுத்த தேதியிலிருந்து, அதனால் அந்த ஒப்படைப்புக் கடிதத்தின் நகலை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டினாலும், 8 வீடுகளுக்கு மேற்படாமல் கட்டினாலும் ரெரா பதிவு கட்டாயமில்லை. உங்களுடையது 14 வீடு, இடமும் 500 சதுர மீட்டரைத் தாண்டியிருந்தால் பதிவு எண் இருக்க வேண்டும், தமிழ்நாடு ரெரா தளத்தில் தேடிப் பாருங்கள்.

கடைசி மாடி என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள், சும்மா அல்ல, மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு நேர் கீழே எந்த அறை வருகிறதோ அங்கே சீலிங்கில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள். போர் தண்ணீரை மட்டும் நம்பிய கட்டிடம் என்றால் கீசரையும் குழாய்களையும் பிளம்பரை வைத்துப் பார்ப்பது நல்லது, உப்பு படிந்திருக்கும். "பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டாரே" என்று நிம்மதி ஆகாதீர்கள், அவர் வந்தது பேங்க் கொடுக்கும் கடனுக்கு வீடு தாங்குமா என்று பார்க்க. ஒரு சிவில் இன்ஜினியரை நீங்களே கூட்டிப்போங்கள்.

அப்புறம் வாட்டர் புரூஃபிங், கரையான் மருந்து, இன்வெர்ட்டர் பேட்டரி, சோலார் பேனல் இவற்றுக்கெல்லாம் தனித்தனி வாரண்டி கார்டு இருக்கலாம். பில்லோடு வாங்கி, பெயர் மாற்றித் தருவார்களா என்று அந்தந்தக் கம்பெனியிடம் கேளுங்கள், சிலர் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் தருவார்கள்.

கேள்வி: சீலநாயக்கன்பட்டியில் 18 வருடப் பழைய தனி வீட்டை விற்கிறேன். வாங்குபவர், "5 வருடத்துக்கு வெடிப்பு, ஒழுகல் வராது" என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதிக் கேட்கிறார். எழுதலாமா?
- வாசகர், சேலம்

பதில்: எழுதாதீர்கள் ஐயா. 18 வருட வீட்டுக்கு அந்த உத்தரவாதம் கட்டியவரே தர மாட்டார். வில்லங்கம் இல்லை, விற்க எனக்கு உரிமை உண்டு, பின்னால் யாராவது பாத்தியதை கேட்டு வந்தால் நஷ்டத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதுவது வேறு, அதைத் தாராளமாக எழுதலாம், எழுதத்தான் வேண்டும்.

அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் முடியாது. 1882 சொத்து மாற்றச் சட்டம் 55ஆம் பிரிவு, உங்களுக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் மோசடி என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. செப்டிக் டேங்க் மழையில் நிரம்பி வழியும், பின் சுவர் ஒருமுறை இறங்கியது, இதெல்லாம் இருந்தால் ஒப்பந்தத்திலேயே ஒரு பட்டியலாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். விலையில் கொஞ்சம் குறையும், குறையட்டும். புட்டி பூசி மறைத்துவிட்டு இரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடப்பதைவிட அது மலிவு.

கேள்வி: ஏற்காட்டில் சரிவில் உள்ள பழைய வீடு வாங்க ஆசை. இன்சூரன்ஸ் எடுத்தால் வாரண்டி மாதிரிதானே?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: இல்லை. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிரக ரக்ஷா பாலிசியில் தீ, வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் உண்டு. தேய்மானம், தப்பாகக் கட்டியதால் வந்த வெடிப்பு கிடையாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்தது ஞாபகம் இருக்கும், எனவே பாலிசி அவசியம்தான். விற்பவர் பெயரில் இருப்பதை நம்பாமல் உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், தள்ளியிருந்தால் இன்ஜினியர் சொல்லும் சுவர்ச் செலவை விலையில் கழித்துவிட்டுத்தான் பேச்சு.