தீயில்லாத அடுப்பும் அலுமினியக் குண்டானும்

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்பு தோசைக்கல் நொடியில் சூடாகிறது; அலுமினியக் குண்டானை வைத்தாலோ அடுப்பு 'பீப்' என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. ஏன்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: 1831 ஆகஸ்ட் 29 அன்று ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தபோது, மற்றொன்றோடு இணைந்திருந்த காந்த ஊசி ஒரு கணம் துள்ளி அடங்கியது, இணைப்பைத் துண்டித்தபோது எதிர்த்திசையில் துள்ளியது. இடைப்பட்ட நேரத்தில் மின்சாரம் சீராக ஓடிக்கொண்டிருந்தும் ஊசி அசையவில்லை. அருகிலுள்ள உலோகத்தில் மின்சாரம் பிறக்கக் காந்தப்புலம் இருந்தால் மட்டும் போதாது, அது மாற வேண்டும்.

உங்கள் அடுப்பின் கண்ணாடிப் பரப்புக்குக் கீழே இருப்பதும் ஒரு செம்புச் சுருள்தான். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை அடுப்பின் மின்னணுச் சுற்று 20,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே உயர்த்துவதால், காந்தப்புலம் அத்தனை வேகமாகத் திசை மாறி, பாத்திரத்தின் அடிப்பகுதியிலேயே சுழல் மின்னோட்டங்களை (உலோகத்துக்குள் வட்டமாக ஓடும் மின்சாரத்தை) தூண்டுகிறது. இரும்பு காந்தத்தன்மை உடையது என்பதால் அந்த மின்னோட்டம் மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்குக்குள் நெருக்கப்பட்டு, அதிகத் தடையைச் சந்தித்து, வெப்பமாகிறது. அலுமினியத்திலும் மின்னோட்டம் தூண்டப்படவே செய்கிறது (பலர் இல்லை என்றே எண்ணுகிறார்கள்). ஆனால் தடை மிகக் குறைவு, ஆகவே வெப்பமும் குறைவு. அதை உணர்ந்தே அடுப்பு நின்றுவிடுகிறது.

எவர்சில்வர் வாங்கும்போது ஒரு சிறு காந்தத்தை அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால்தான் அது இந்த அடுப்புக்கு ஆகும்; சில எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது.