அட்டையில் யார் பெயர்?

கேள்வி: பத்து வருடமாகக் கதைகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பதிப்பாளர் தொகுப்பாகப் போடலாம் என்கிறார். சொந்தப் பெயரில் வந்தால் 'இது என்னைப் பற்றித்தானே' என்று உறவினர்கள் சண்டைக்கு வருவார்களோ என்று பயமாக இருக்கிறது. புனைபெயர் வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்தக் காரணத்துக்காக வேண்டாம். உங்களைத் தெரியாதவர்களிடமிருந்து புனைபெயர் உங்களை மறைக்கும். கதைக்குள் உட்கார்ந்திருக்கிற சித்தப்பாவிடமிருந்து மறைக்காது.

என் கதையையே சொல்கிறேன். முதல் கதையை நானும் வேறு பெயரில்தான் அனுப்பினேன், வீட்டில் மூச்சு விடவில்லை. இதழ் வந்த அன்று சாயங்காலம் அப்பா அதைப் படித்துக்கொண்டிருந்தார், நான் எதிரே ஒன்றும் அறியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையில் ஒருவர், ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் பழைய செய்தித்தாளை எட்டாக மடித்து முட்டுக் கொடுப்பார், காலையில் பார்த்தால் அது நழுவியிருக்கும், திட்டிக்கொண்டே மறுபடி வைப்பார், மேஜையைச் சரிசெய்ய மட்டும் மாட்டார். அப்பா இதழை மூடினார். எங்கள் வீட்டு மேஜைக் காலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "பேரை மாத்தினியே, மேஜையை மாத்தக் கூடாதா?" என்றார்.

உங்களுக்கும் அதுதான் வழி. இரண்டு பேரை ஒருவராகக் குழைத்து, வேலையையும் உறவுமுறையையும் மாற்றி எழுதுங்கள். அதைச் செய்யாமல் அட்டையில் மட்டும் முகமூடி போட்டால் எத்தனை நாள் நிற்கும்? ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ஜே.கே. ரவ்லிங் 2013-இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற ஆண் பெயரில் ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. விஷயம் தெரிந்த வக்கீல் ஒருவர் தன் மனைவியின் தோழியிடம் சொல்லப்போய் வெளியே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, ரவ்லிங்கின் பழைய புத்தகங்களோடு அந்த நாவலின் நடையைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது அதுவும் அவர் பக்கமே கைகாட்டியது. அவர் வசதிக்கே அப்படி என்றால் நம் கதி என்ன, யோசித்துப் பாருங்கள்.

நல்ல காரணங்களும் இருக்கின்றன. ஏற்கெனவே அதே பெயரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள். ரா.கி. ரங்கராஜன் பிரபலமாக இருந்த நேரத்தில் எஸ். ரங்கராஜன், குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டதால்தான் நமக்கு சுஜாதா கிடைத்தார். பார்க்கிற வேலை ஒரு முகம், எழுத்து வேறு முகமாக இருக்கட்டும் என்று நினைத்தாலும் சரிதான். ஆனால் வேலை செய்கிற இடத்தில் எழுதுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தால், பெயரை மாற்றியதால் அந்த விதி உங்களை விட்டுவிடாது. அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றி எழுதி உயிருக்கே ஆபத்து என்கிற நிலைமை தனி. அங்கே புனைபெயர் மட்டும் போதவே போதாது, பதிப்பகத்தில் எத்தனை பேருக்கு நீங்கள் யார் என்று தெரியும் என்பதிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

கேள்வி: நான் பெண். ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரில் எழுதினால் படைப்பை நியாயமாகப் பார்ப்பார்கள் என்று ஒரு தோழி சொல்கிறாள். உண்மையா?

பதில்: தோழி சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. ஆங்கில எழுத்தாளர்களான சார்லட், எமிலி, ஆன் என்ற பிராண்ட்டே சகோதரிகள் மூவரும் 1846-இல் இதே காரணத்துக்காகத்தான் கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்று பிடி கொடுக்காத பெயர்களில் கவிதை வெளியிட்டார்கள். ஆனால் அப்புறம் நாவல்கள் வந்ததும், மூன்று பெல்களும் ஒரே ஆள்தான் என்று பேச்சு கிளம்பி பதிப்பாளர்களுக்குள் குழப்பமாகிவிட்டது. 1848-இல் சார்லட்டும் ஆனும் ராத்திரி ரயிலேறி லண்டன் போனார்கள். பதிப்பாளர் கரர் பெல்லுக்கு எழுதிய கடிதத்தை சார்லட் அவர் கையிலேயே கொடுத்தார். இது உங்களிடம் எப்படி வந்தது என்று அந்த மனிதர் திகைத்துப்போனார். எமிலியோ, நாங்கள் மூன்று சகோதரிகள் என்று ஏன் சொன்னாய் என்று கோபப்பட்டார். ஒரே வீட்டுக்குள்ளேயே ஒருத்திக்குப் பெயர் சுமையாகவும் இன்னொருத்திக்குக் கவசமாகவும் இருந்திருக்கிறது. நீங்கள் இதில் எந்தப் பக்கம் என்று தோழியால் சொல்ல முடியாது.

ஒரு எல்லை மட்டும் உண்டு. கதைக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். 'என் வாழ்க்கை' என்று சொல்லி, வாழாத வாழ்க்கையை அதற்கேற்ற பெயர் போட்டு எழுதினால் அது புனைபெயர் இல்லை, ஏமாற்று.

கேள்வி: புனைபெயரில் எழுதினால் பதிப்புரிமை போய்விடுமா? பணம் எந்தப் பெயரில் வரும்?

பதில்: போகாது. ஆனால் கணக்கு மாறும். பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கைப்படி குறைந்தபட்சப் பாதுகாப்பு, எழுதியவர் இறந்ததிலிருந்து 50 ஆண்டு. புனைபெயருக்குப் பின்னால் யார் என்றே தெரியாவிட்டால், படைப்பு வெளியானதிலிருந்து 50 ஆண்டு. பல நாடுகள் இதைவிடக் கூடுதலாகவே தருகின்றன. இளம் வயதில் எழுதி நீண்ட நாள் வாழ்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. அதனால் ஒப்பந்தத்தில் உங்கள் சட்டப்பூர்வமான பெயரைப் போட்டு, 'இன்ன பெயரில் எழுதுபவர்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான் செய்யவில்லை. என் முதல் காசோலை புனைபெயரில் வந்தது, வங்கியில் அடையாள அட்டை கேட்டார்கள், கதை வந்த இதழை எடுத்து நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் கதையை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கேள்வி: நல்ல புனைபெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: இணையத்தில் தேடி வேறு யாரும் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அறுபது வயதிலும் அந்தப் பெயர் ஒட்டுமா என்றும் யோசியுங்கள். இருபதில் நான் வைத்துக்கொண்ட பெயரில் 'கண்ணீர்' என்று ஒரு சொல் இருந்தது. நாற்பதில் ஒரு கூட்டத்தில் மைக்கில் அந்தப் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். நானும் எல்லோரோடும் சேர்ந்து, யார் எழுந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.