மெயில் புரோகிராமில் இருந்த மின்னஞ்சல்கள் நாங்கள் அழிக்காமலே காணாமல் போகின்றன. எங்கே போகின்றன, திரும்ப எடுக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் கடந்து போக முடியவில்லை. 2022இல் இதே விஷயத்துக்காக நிர்வாகசபைக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் தலைகுனிந்து நின்றவள் நான்.

நீங்களும் எங்களைப் போல ஒரு சின்ன அலுவலகத்தில், ஒரே மெயில் முகவரியை இரண்டு மூன்று பேர் பாவிக்கிற இடத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் சொன்னாலும் கொம்பியூட்டரை போர்மட் அடிக்க, அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதிதாக்க, விடாதீர்கள். தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராமைப் பாவிக்கிறீர்கள் என்றால் போல்டரை ‘கொம்பக்ட்’ செய்யும் கட்டளையையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் ஒரு கடிதத்தை அழித்தால் அது உடனே கோப்பை விட்டுப் போய்விடாது. அழிந்தது என்று ஓர் அடையாளம் மட்டும் விழும். கொம்பக்ட் செய்யும்போதுதான் உண்மையாகவே வெட்டி எறியப்படும். அப்புறம் பிரவுசரைத் திறந்து, உங்கள் மெயில் சேவையின் இணையப் பக்கத்துக்குள் நேரடியாகப் போய்ப் பாருங்கள். அங்கே கடிதங்கள் இருந்தால் பயமில்லை, புரோகிராமின் பார்வையில்தான் ஏதோ மாறியிருக்கிறது. ‘வாசிக்காதவை மட்டும்’ என்ற வடிகட்டி விழுந்திருக்கலாம், வரிசை தலைகீழாகியிருக்கலாம். தண்டர்பேர்டில் ‘ஏ’ எழுத்தைத் தட்டினாலே கடிதம் பழையவற்றைச் சேர்த்துவைக்கும் ஆர்க்கைவ் போல்டருக்குப் போய்விடும். எங்கள் ஒபீசில் ஒரு சின்னப் பிள்ளை விசைப்பலகையில் விளையாடி அப்படி ஒரு தடவை நடந்தது.

இணையப் பக்கத்திலும் இல்லை, குப்பைப் போல்டரிலும் இல்லை, ஸ்பாமிலும் இல்லை என்றால் என் கதையைக் கேளுங்கள்.

நான் அப்போது ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பெண்கள் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். எங்களுக்கு ஒரு சொந்த மெயில் முகவரி இருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் தன் திட்டக் காலத்தில் எடுத்துத் தந்தது. திட்டம் முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள், முகவரி மட்டும் எங்களிடம் மிஞ்சியது. அந்த ஆனி மாதம் வீட்டுத்தோட்டக் கடனுக்கு விண்ணப்பங்கள் வந்துகொண்டிருந்தன. காணி அனுமதிப்பத்திரத்தை ஸ்கேன் பண்ணி, முள்ளியவளையிலும் மாங்குளத்திலும் இருக்கிற கொமினிகேசன் கடைகளிலிருந்து பெண்கள் அனுப்புவார்கள். வன்னியில் குடியேற்றக் காணிகளுக்குப் பெரும்பாலும் உறுதி, அதாவது சொந்த உரிமைப் பத்திரம், கிடையாது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம்தான். அந்த ஒரு தாள்தான் அவர்களுடைய சொத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், இன்பொக்ஸ் வெறுமை. ஏழு மாதக் கடிதங்கள், ஒன்றுகூட இல்லை. குப்பைப் போல்டரைத் திறந்தேன், அதற்குள்ளும் இல்லை. கை நடுங்கியது.

கிளிநொச்சியிலிருந்து திருத்துகிற தம்பியைக் கூப்பிட்டோம். அவர் கரண்ட் வெட்டால் கோப்புப் பழுதாகிவிட்டது என்றார். அது நம்பக்கூடிய காரணம்தான். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டினார்கள், எங்கள் யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்காது. “அக்கா, ஒருக்கா போர்மட் அடிச்சு விட்டால் எல்லாம் சரி” என்றார். நான் விடவில்லை. பழைய நிறுவனக் காலத்துக் கடிதங்கள் எல்லாம் அந்த மெசினிலேயே, ‘லோக்கல் போல்டரில்’ கிடந்தன. அன்றைக்கு விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

அந்த வாரம் நிர்வாகசபை கூடியது. தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லோருக்கும் அவர் ரீச்சர்.

“பிள்ளை, போன மாதம் நீர் தானே மெயிலைத் துப்புரவாக்கிறன் எண்டு இருந்தனீர்?”

“விளம்பரங்களைத்தான் அழிச்சனான் ரீச்சர். ஒரு விண்ணப்பத்தையும் தொடேல்லை.”

“தொடாமல் எப்பிடி அம்மா போகும்?”

எனக்குப் பதில் இல்லை. மே மாதம் பெட்டி நிரம்பிவிட்டது என்று அறிவிப்பு வந்து, நான் விளம்பரக் கடிதங்களை அழித்தது உண்மை. அதை மறைக்கவில்லை. ஆனால் கூட்டக் குறிப்பில் “எழுதுவினைஞரின் கவனக்குறைவால் மின்னஞ்சல்கள் அழிந்தன” என்று எழுதினார்கள். அதை நானே என் கையால் எழுதவேண்டியிருந்தது, குறிப்பு எழுதுவது என் வேலை.

அன்றைக்கு இரவு ஒரு நாற்பது பக்கக் கொப்பி எடுத்தேன். எந்தக் கடிதம் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு இல்லாமல் போனது என்று எழுதத் தொடங்கினேன். செவ்வாய், வியாழனில் காலை ஒன்பதுக்குக் கண்ட கடிதம் பின்னேரம் நான்கரைக்குப் பிறகு இல்லை. சனிக்கிழமை காலையிலும் அப்படி. புதன், வெள்ளி ஒன்றுமே நடக்காது. இன்னொன்றும் பிடிபட்டது: நான் ‘காணி’, ‘கடன்’ என்று பெயரிட்ட போல்டர்களுக்கு இழுத்துப் போட்ட கடிதங்கள் ஒன்றும் போகவில்லை. அனுப்பியவையும் போகவில்லை. இன்பொக்சில் இருந்தவை மட்டும்தான் போயின, குப்பையில் ஒரு தடயமும் விடாமல்.

இதற்குள் ஒரு அம்மாவை மறுபடியும் பத்திரம் அனுப்பச் சொல்லவேண்டி வந்தது. 2009இல் போரின் கடைசியில் மாத்தளன் வரை நடந்து போனதில் மூலப்பத்திரத்தைத் தொலைத்தவர். பிறகு எத்தனையோ தரம் அலுவலகப் படி ஏறித்தான் உறுதிப்படுத்திய பிரதி எடுத்திருந்தார். டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்கள் அவை. “நான் அனுப்பினது உங்களுக்கு வந்ததெண்டு நீங்கள் தானே பிள்ளை சொன்னீங்கள்” என்று மட்டும் கேட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த கூட்டத்தில்தான் விஷயம் திரும்பியது. ரீச்சரின் போனிலும் சங்க மெயில் போட்டிருந்தது. கடிதங்கள் காணாமல் போகுமுன்னரே அவர் டேட்டா போடுவதை விட்டிருந்தார். கூட்டத்தில் கைப்பையிலிருந்து போனை எடுத்து, “என்ரை போனிலை எல்லாம் அப்பிடியே கிடக்கு, பாருங்கோ” என்று காட்டினார். கிடந்தது! ஏழு மாதமும் கிடந்தது. நான் வாயைத் திறக்க முந்தி, எனக்கு அனுப்பிவிடுவதற்காக டேட்டாவைப் போட்டுவிட்டார். மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பட்டியல் அப்படியே வழித்துத் துடைத்ததுபோல் வெறுமையானது. ஒருவரும் பேசவில்லை. நான் அந்தப் போனைத் தொடவே இல்லை என்பதை எல்லோரும் கண்டார்கள்.

நீங்கள் இதைக் கவனிக்கவேண்டும். இணைப்பில்லாமல் கிடக்கிற பழைய போனோ லப்டொப்போ உங்களிடம் இருந்தால், இணையம் கொடுக்காமல் திறங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, டேட்டாவை அணைத்துவிட்டுத் திறங்கள். உள்ளே இருப்பதை முதலில் பிரதி எடுங்கள், ஆகக் குறைந்தது திரையைப் படமாவது பிடியுங்கள். இணைப்புக் கிடைத்த நொடியில் அது சேர்வரை, அதாவது மெயில் சேவையின் மையக் கொம்பியூட்டரை, பார்த்து, “அங்கே இல்லை, அப்படியென்றால் இங்கேயும் வேண்டாம்” என்று தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

ஏன் அப்படி? மெயில் எடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஐமப் என்பது உப தபாலகத்துக்குப் போய்க் கடிதத்தை அங்கேயே வாசித்துவிட்டு, அந்தப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு வருகிற மாதிரி. பத்துப் பேர் போனாலும் பத்துப் பேரும் ஒரே பெட்டியைத்தான் பார்ப்பார்கள். பொப் என்பது சாக்கோடு போய்ப் பெட்டியில் இருப்பதை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருகிற மாதிரி. ‘சேர்வரில் ஒரு பிரதியை விட்டுவை’ என்ற சின்னப் பெட்டியில் சரி போடாவிட்டால், அள்ளியபின் அங்கே ஒன்றும் மிஞ்சாது. பொப்புக்கு இன்பொக்ஸ் மட்டும்தான் தெரியும், மற்றப் போல்டர்கள் தெரியாது. குப்பைக்குள்ளும் போடாது. என் கொப்பியில் இருந்த எல்லாவற்றுக்கும் இதுதான் விடை. எங்கள் ஒபீஸ் மெசினும் ரீச்சரின் போனும் ஐமப். வேறு எங்கோ ஒரு மெசின் சாக்கோடு வந்து போய்க்கொண்டிருந்தது.

அன்று பின்னேரமே பாஸ்வேட்டை மாற்றினேன். இரண்டு நாள் ஒரு கடிதமும் அசையவில்லை. மூன்றாம் நாள் எங்கள் பழைய முகாமையாளர் அண்ணை போன் எடுத்தார். “தங்கச்சி, வீட்டு லப்டொப்பிலை சங்கத்தின்ரை பாஸ்வேட் கேட்டுக் கேட்டு நிக்குது. பிள்ளைக்கு வகுப்புப் பாக்கேலாமல் கிடக்கு.”

கொரோனா ஊரடங்கு நேரம் அவர் வீட்டிலிருந்து வேலை செய்ய, தன் லப்டொப்பில் அவுட்லுக் என்ற மெயில் புரோகிராமைப் போட்டு பொப் வழியாக மெயில் எடுத்தவர். 2021 கடைசியில் விலகினார். லப்டொப் அலுமாரிக்குள் போனது. எரிபொருள் இல்லாத அந்த நாட்களில் ஏ.எல். படிக்கிற மகள் சூம் வகுப்புக்காக அதை வெளியே எடுத்திருக்கிறாள். செவ்வாய், வியாழன் பின்னேரம், சனிக்கிழமை காலை. லப்டொப்பைப் போட்டதும் அவுட்லுக்கும் தானாகத் திறக்கும், திறந்ததும் அள்ளும். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அண்ணையிலும் நான் குற்றம் சொல்லமாட்டேன். விலகிய அன்றே பாஸ்வேட்டை மாற்றியிருக்கவேண்டியவர்கள் நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாம் அங்கே இருந்தன, 300க்கு மேல். இணைப்புகளோடு, ஒன்றும் கெடாமல்.

இருந்தும், தேடி எடுக்க அரை நாள் போனது. அதற்குக் காரணம் வேறு, அதையும் சொல்லாமல் விடமாட்டேன். ‘காணி’ என்று தேடினால் பாதிக் கடிதம் வரவில்லை. ஏனென்றால் அவை பாமினியில் தட்டியவை. பாமினி எழுத்துருவில் கண்ணுக்குத்தான் தமிழ், கொம்பியூட்டருக்கு அது ஆங்கில எழுத்துக்களின் குவியல். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடில் நாங்கள் ‘காணி’ என்று தேடினால் அதற்கு என்ன தெரியும்? 1991இல் வந்த முதல் யுனிகோடிலேயே தமிழ் இருக்கிறது. முப்பது வருடம் கழித்தும் கடைகளிலும் ஒபீசுகளிலும் கடிதத்தைப் பாமினியில் அடித்து அனுப்புகிறார்கள், எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்கமுடியாது. கைப்பழக்கத்தை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பாமினித் தட்டச்சு முறையிலேயே யுனிகோட் அடிக்க வழி இருக்கிறது. தேடியும் அகப்படாத கடிதம் தொலைந்த கடிதம்தானே? நான் இதைச் சொல்லும் இடமெல்லாம் “உமக்கென்ன அவ்வளவு கோபம்” என்கிறார்கள். அந்தக் குவியலுக்குள் ஒரு அம்மாவின் அனுமதிப்பத்திரத்தை ஒவ்வொன்றாகத் திறந்து தேடியவளுக்குத்தான் தெரியும்.

கொம்பியூட்டர் படித்தவர்கள் இதை வாசித்துவிட்டு, சேர்வர் பதிவைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை என்று எழுதக்கூடும். உண்மைதான். உங்கள் சேவை வழங்குநரிடம் அப்படிக் கேட்க முடிந்தால் கேளுங்கள்: கடிதம் எந்த நேரம், எந்த வழியாக, எந்த இணைய முகவரியிலிருந்து அழிக்கப்பட்டது என்று பதிவில் இருக்கக்கூடும். எங்களுக்கு அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்பதே தெரியாது. ஜிமெயில் என்றால் கதை கொஞ்சம் வேறு. பொப்பால் எடுத்தபின் கடிதத்தை என்ன செய்வது என்பதை அதன் செட்டிங்கிலேயே தெரிவுசெய்யலாம், முதலில் அதைப் பாருங்கள். குப்பைக்குப் போனவை 30 நாளில் நிரந்தரமாக அழியும், ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். உங்கள் மெசினில் அன்ரிவைரஸ் ஏதாவது கோப்பைத் தனிமைப்படுத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்டர்பேர்ட் வழமையாக ஒரு போல்டரின் எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில் வைக்கும், ஒரு கெட்ட இணைப்புக்காக அன்ரிவைரஸ் முழு இன்பொக்சையும் தூக்கிக்கொண்டு போகலாம். ‘ரிப்பேர் போல்டர்’ என்ற கட்டளையைக் கொடுக்கமுன், தண்டர்பேர்டின் கடிதங்கள் கிடக்கும் புரோபைல் போல்டரை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவின் பத்திரத்தை இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றை அவரிடம் நேரில் கொடுத்தேன். கடனும் கிடைத்தது.

கூட்டக் குறிப்பைத் திருத்தித் தாருங்கள் என்று ரீச்சரிடம் கேட்டேன். “ஓம் பிள்ளை, பிழை எங்களிலைதான்” என்று மனதாரச் சொன்னார். ஆனால் நிறைவேற்றிய குறிப்பைத் திறக்க மற்றவர்கள் விரும்பவில்லை. அடுத்த வருடம் நான் வேலை மாறினேன். அந்த வரி என் கையெழுத்திலேயே அந்தப் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது.

உங்கள் ஒபீசிலும் யாராவது ஒரு பிள்ளையைச் சந்தேகித்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கமுன் பாஸ்வேட்டை மாற்றிவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.