கேள்வி - பதில்: டெஸ்ட் பாஸ், ஆனால் செட்டிங்ஸ் காணோம்!

கேள்வி: சி ஷார்ப்பில் எழுதிய எங்கள் மென்பொருளின் செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக எழுதவும் திரும்பப் படிக்கவும் டாட்நெட்டின் எக்ஸ்எம்எல்சீரியலைசர் பயன்படுத்துகிறோம். புதிய வெர்ஷன் சேர்த்த எலிமெண்ட்டுகளைப் பழைய வெர்ஷன் அழித்துவிடுகிறது என்று புகார். ஆப்ஜெக்ட்டைச் சேமித்து, திரும்பப் படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும் யூனிட் டெஸ்ட் மட்டும் பாஸ் ஆகிறது. எப்படி?
- ஒரு வாசகி, கோவை

பதில்: பாஸ் ஆகத்தான் செய்யும். உங்கள் டெஸ்ட் ஆப்ஜெக்ட்டில் தொடங்கி ஆப்ஜெக்ட்டிலேயே முடிகிறது. கிளாஸுக்குத் தெரியாத எலிமெண்ட் அதற்குள் வரவே இல்லையே!

ஒரு துணிக்கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்து கொடுத்தபோது நானும் இப்படித்தான் டெஸ்ட் எழுதியிருந்தேன். இரண்டு கவுன்ட்டருக்கும் ஒரே செட்டிங்ஸ் கோப்பு. ஒன்றில் ஏற்றிய புதிய வெர்ஷன், பிரிண்டர் எலிமெண்ட்டுக்குள் பேப்பர் அகலத்தைச் சேர்த்தது. மற்றதில் பழைய வெர்ஷன். அங்கே எழுத்தளவை மட்டும் மாற்றி சேவ் செய்தார்கள். மறுநாள் பில்லில் விலை பாதியோடு நின்றது. கல்யாண சீசன், வாசல்வரை கூட்டம். அந்த ஊழியர்கள் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

டெஸ்ட்டைக் கையால் எழுதிய எக்ஸ்எம்எல்லிலிருந்து தொடங்குங்கள். எந்த வெர்ஷனிலும் வராத பெயரில் ஓர் எலிமெண்ட் வையுங்கள். அதற்குள்ளும் ஏதாவது இருக்கட்டும். படித்து, தெரிந்த மதிப்பு ஒன்றை மாற்றி, சேமியுங்கள். அப்புறம் வெளியே வந்த எக்ஸ்எம்எல்லை எக்ஸ்டாக்குமெண்ட்டில் (எக்ஸ்எம்எல்லை அப்படியே படிக்கும் டாட்நெட் கிளாஸ்) ஏற்றி அந்த எலிமெண்ட்டைத் தேடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டாம், இடைவெளி மாறினாலே டெஸ்ட் விழும்.

எக்ஸ்எம்எல்சீரியலைசர் தெரியாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எக்ஸ்எம்எல்எனிஎலிமெண்ட் என்ற குறிப்பை மேலே போட்ட ஓர் அர்ரே கிளாஸில் இருந்தால், அதில் வாங்கி வைத்துத் திரும்ப எழுதும். ஆனால் அந்த ஒரு கிளாஸுக்கு மட்டும்தான். ரூட்டில், அதாவது எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் கிளாஸில், போட்டுவிட்டுப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். என் துணிக்கடைக் கோப்பில் ரூட்டில் மட்டும் போட்டிருந்தால் பேப்பர் அகலம் அப்போதும் போயிருக்கும். பிரிண்டர் கிளாஸிலும் வேண்டும். அதனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். எக்ஸ்எம்எல் டேகுக்குள் வரும் தெரியாத அட்ரிபியூட்டுகளுக்கு எக்ஸ்எம்எல்எனிஅட்ரிபியூட் தனியாகப் போட வேண்டும். கமெண்ட்டுகள் இந்த வழியில் தங்காது.

ஏற்கெனவே வெளியே ஓடும் பழைய வெர்ஷனுக்கும் அப்டேட் அனுப்பியாக வேண்டும், அழிப்பது அதுதானே.

எல்லாம் பாஸ் ஆனதும், எனிஎலிமெண்ட் வரியை ஒருமுறை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சிவப்பு வர வேண்டும், அதாவது டெஸ்ட் ஃபெயில் ஆக வேண்டும். வரவில்லையென்றால் உங்கள் டெஸ்ட் இன்னும் கோப்பைப் பார்க்கவில்லை.