ஐடி வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கியாவது அமெரிக்காவில் கிரியேட்டிவ் ரைட்டிங் முதுகலை படிக்கலாமா?

கடன் வாங்கி என்றால் வேண்டாம். படிக்கலாமா என்றால், தாராளமாக. நானும் டெஸ்டிங் வேலையை விட்டுவிட்டு எம்.எஃப்.ஏ., அதாவது நீங்கள் கேட்கும் அந்த முதுகலை, படித்தவள். கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறவர், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். முதலில் பணம். படிப்பு இரண்டு அல்லது மூன்று வருடம். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை வகுப்பு எடுத்தால் கல்விக் கட்டணத்தை விட்டுக்கொடுத்து, மாதச் செலவுக்கும் பணம் தருவார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் எழுத்துப் படிப்பு நடக்கும், ஆஸ்டினில் இருக்கும் மிச்னர் மையத்தில் அந்த வகுப்புச் சுமைகூடக் கிடையாது. இப்படி இடம் கிடைத்தால் மட்டும் கிளம்புங்கள். படிப்பு முடிந்தபின் அங்கேயே வேலை பார்க்கத் தரும் அனுமதி, ஓபிடி, 12 மாதம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு உண்டு, நமக்குக் கிடையாது. அந்த ஒரு வருடத்தில் கதை எழுதிக் கல்விக் கடனை அடைக்க முடியாது.

எழுத்தாளர் அசோகமித்திரன் அமெரிக்காவில் அயோவா போகவில்லையா என்று யாராவது கேட்பார்கள். 1973இல் அவர் போனது சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களை அழைக்கும் திட்டம் அது, பட்டம் தராது. அதே ஊரில் 1936இலிருந்து நடக்கும் ரைட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்தான் பட்டப்படிப்பு. 2024இல் பெண் நாவலாசிரியர்களுக்கான விமன்ஸ் பிரைஸ் வாங்கிய வி. வி. கணேசானந்தன் அங்கே படித்தவர்.

“எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?” என்று என் சித்தப்பாவிலிருந்து எல்லோரும் கேட்டார்கள். வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கதையின் நகலை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். அதைப் பற்றிப் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. பழைய வழக்கம், இப்போது சில இடங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். என் கதையில் விருதுநகர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மகனுடைய காலேஜ் ஃபீஸுக்காகத் தாலிச் சங்கிலியை அடகு வைக்கிறாள். கடைக்காரர் கல்லில் உரசுவது, எடை போடுவது, சீட்டு எழுதுவது எல்லாம் விலாவாரியாக எழுதியிருந்தேன். நெப்ராஸ்கா மாட்டுப் பண்ணையிலிருந்து வந்த ஒரு பையன், அதுவரை பேசாமல் இருந்தவன், கேட்டான்: “கழற்றிக் கொடுத்துவிட்டாள், சரி. வீட்டுக்கு எப்படிப் போகிறாள்? வழியில் யாரும் கழுத்தைப் பார்க்க மாட்டார்களா?”

ஊரில் அந்தக் கதையைப் படித்த ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அந்தக் கழுத்து தெரியும், தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். அன்றிரவே மஞ்சள் கயிற்றை எழுதினேன். ஈரம் காயாத கயிறு, ரவிக்கை ஓரத்தில் இறங்கிய மஞ்சள் கறை, பஸ்ஸில் தெரிந்தவர் ஏறியதும் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வது. அடகுக்கடைப் பக்கங்களில் பாதியை வெட்டினேன். கதை பஸ்ஸில்தான் இருந்தது.

வெள்ளைக்காரன் சொன்னால்தான் உறைக்குமா என்று கமெண்டில் வருவீர்கள். அப்படியில்லை. அடகுக்கடையை வேடிக்கை பார்த்துவிட்டு “எவ்வளவு வண்ணமயம்!” என்று பாராட்டி நகர்ந்தவர்களும் அதே மேசையில்தான் இருந்தார்கள். பட்டம் இல்லாமல் எழுத முடியாது என்றும் நான் சொல்லவில்லை. இலங்கைத் தமிழரான அனுக் அருட்பிரகாசம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே நாவல் எழுதியவர், 2021இல் புக்கர் குறும்பட்டியல் வரை போனார். ஆனால் முன்பின் தெரியாத ஒரு வகுப்பே என் இருபது பக்கத்தை இரண்டு முறை படித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதி, கடிதமும் வைத்துத் தந்தது எனக்கு அங்கேதான் வாய்த்தது.

இங்கே என்ன நடக்கிறது? என் தமிழ்த் தொகுப்பை ஒரு பதிப்பாளரிடம் கொண்டுபோனேன். ஒரு பக்கம்கூடப் புரட்டாமல், எத்தனை பிரதி நீங்களே வாங்கிக்கொள்வீர்கள் என்றார். பிறகு வேறொருவர் போட்டார். விற்பனைக் கணக்கு கேட்டால் இன்றுவரை “புத்தகக் கண்காட்சி முடியட்டும்மா” என்கிறார். எத்தனை கண்காட்சி முடிந்துவிட்டது! எழுதுகிறவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று இங்கே யாருக்குமே தோன்றவில்லையே என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டே வேலையை விடுங்கள்.

பெரும்பாலான இடங்களில் விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியோடு முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், அதனால் பணம் தரும் இடங்களுக்கு மட்டும் போடுங்கள். ஏன் படிக்க வருகிறீர்கள் என்று எழுதும் நோக்க அறிக்கையை விட, மாதிரியாக அனுப்பும் கதைதான் இடம் வாங்கித் தரும். அதை உங்கள் ஊரைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, படிக்கும்போது எங்கே தடுக்கி நின்றார் என்று மட்டும் கேளுங்கள்.