50 சாக்கா, ஒரு டெம்போவா?

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் வீடு. விளையில் (தோட்டத்தில்) காய்கறிக்கு 3 பாத்தி போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 10 அடி நீளம், 4 அடி அகலம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 30 அடி நீளத்தில் 2 அடி அகலமாகப் பிச்சிச் செடிகள். இது போக 2 தென்னை. மண்ணுக்கு மேலே மூடாக்காகப் பரப்ப, தேங்காய் நார் எடுத்தபின் மிஞ்சும் நார்க்கழிவு வாங்கலாம் என்று விசாரித்தால், நர்சரிக்காரர் 50 சாக்கு வேண்டும் என்கிறார். என் தம்பி ஒரு குட்டியானை டெம்போ போதும் என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் டேப் பிடித்துப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் தம்பி பக்கம்தான் கணக்கு போய் முடியும், பாருங்கள்.

மூடாக்கைக் கன அடியில் யோசித்தால் குழப்பமே இல்லை. பாத்தியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் சதுர அடி. 3 அங்குலக் கனம் போடுவதாக இருந்தால் அதை 4-ஆல் வகுங்கள், 2 அங்குலம் என்றால் 6-ஆல், 4 அங்குலம் என்றால் 3-ஆல். வருவதுதான் கன அடி. அடிக்கு 12 அங்குலம் என்பதைத் தவிர இதில் வேறு சூத்திரம் கிடையாது.

உங்கள் 3 பாத்தியும் சேர்ந்து 120 சதுர அடி. பிச்சி வரிசை 60. மொத்தம் 180. 3 அங்குலத்துக்கு 45 கன அடி. சிந்துவது, காற்றில் போவது, முதல் மழையில் அமுங்குவது என்று பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஏறக்குறைய 50.

இதைச் சாக்காக மாற்ற ஒரு வழி இருக்கிறது. நார்க்கழிவு பெரும்பாலும் காலி சிமென்ட் சாக்கில்தான் வரும். 50 கிலோ சிமென்ட் பிடிக்கும் இடம் ஒன்றேகால் கன அடி. அப்படியானால் உங்களுக்கு 40 சாக்கு. நர்சரிக்காரர் 10 சாக்கு கூட்டிச் சொல்லியிருக்கிறார், அல்லது அவருடைய சாக்கு வாய்வரை நிறையாது. சந்தேகம் வந்தால் ஒரு சாக்கை அவர் முன்னாலேயே 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் கொட்டி அளந்து பாருங்கள். ஒன்றேமுக்கால் வாளி வரவேண்டும். ஒரு வாளியோடு நின்றுவிட்டால் விலையையும் அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள்.

தென்னையை இதுவரை சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். வட்டப்பாத்தியின் பரப்பு கண்ணை ஏமாற்றும். தென்னை மூடு என்றால் மரத்தின் அடி. அதைச் சுற்றி 6 அடி ஆரத்தில் வட்டம் போட்டால் 113 சதுர அடி வரும். அதாவது ஒரு தென்னை மூடு உங்கள் 3 காய்கறிப் பாத்திக்குச் சமம்! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1.8 மீட்டர் ஆர வட்டத்தில் நார்க்கழிவு போடுவதானால் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போடச் சொல்கிறது. அந்தக் கணக்கில் ஒரு மரத்துக்கு 38 கன அடி, இரண்டுக்கும் 60 சாக்கு. காசு கொடுத்து வாங்கி மூட்டில் கொட்ட எனக்கு மனசு வராது.

அதே பரிந்துரையில் வேறு இரண்டு வழியும் இருக்கிறது: மரத்துக்கு 100 கதம்பை (உரித்த தேங்காய் மட்டை), இல்லாவிட்டால் 15 காய்ந்த ஓலை. ஒரு தென்னை மாசம் ஒரு ஓலை வீதம் கழிக்கும். வருஷத்தில் அதுவே 12 ஓலை தந்துவிடுகிறது. அடுப்புக்கும் வாரியலுக்கும் போக மிச்சம் உள்ளதை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி மூட்டிலேயே பரப்புங்கள். கதம்பை கிடைத்தால் மேடான பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து அடுக்க வேண்டும். குழிந்த பக்கம் மேலே இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு சிரட்டை மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொசு வளர்க்கும். குழி வெட்டிப் புதைக்கும்போது மட்டும் குழிந்த பக்கம் மேலே. இதை மாற்றிச் செய்கிறவர்கள் நம்மூரில் நிறைய.

பிச்சி வரிசைக்கும் வாங்க வேண்டாம் என்பேன். பிலா இலை, மாவிலை, அயனிச் சருகு எது விழுந்தாலும் கூட்டி எரிப்பதை நிறுத்திவிட்டு அங்கே போடுங்கள். சருகுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. புதுசாகப் போடும்போது 6 அங்குலம் புஸ்ஸென்று நிற்கும், 2 மழை கண்டால் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் இரட்டிப்பாகப் போடவேண்டும்.

மிச்சம் 120 சதுர அடி. 30 கன அடி, சேதாரத்தோடு 33. குட்டியானையின் பெட்டி ஏறக்குறைய 7 அடி நீளம், 5 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம், பக்கப்பலகை 1 அடி உயரம். பலகை மட்டத்துக்கு நிரப்பினால் 33 கன அடி! தம்பி கணக்குப் போடாமலேயே ஜெயித்துவிட்டான். சாக்கில் வாங்கினால் 26 அல்லது 27.

தண்டிலிருந்து 3 விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். தண்டோடு ஒட்டிக் குவித்தால் அழுகும். மழைக்காலத்தில் நத்தையும் அங்கேதான் ஒளியும். நாற்று சின்னதாக இருந்தால் முதலில் 1 அங்குலம் போதும், செடி வளர வளரக் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் ஊருக்கு இரண்டு மழையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது களை பிடுங்கிவிட்டுப் போடுவதுதான் தை, மாசி வெயிலுக்குக் கைகொடுக்கும். கொட்டுகிற மழையில் போட்டால் நார்க்கழிவு மிதந்து ஓடைக்குப் போய்விடும்.

கேள்வி: கயிறு ஆலையில் நார்க்கழிவை எடைக்குத் தருகிறார்கள், சில்லறையாக வாங்குவதைவிட மலிவு என்கிறார்கள். வாங்கலாமா? ஈரமாக இருந்தால் பரவாயில்லையா? (குளச்சல் வாசகர்)

பதில்: ஈரம் செடிக்குப் பரவாயில்லை, உங்கள் பைக்குத்தான் ஆகாது. நார்க்கழிவு தன் எடையைப் போல ஐந்தாறு மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு ஐப்பசியில் நானும் மலிவு என்று எடைக்கு வாங்கினேன். டெம்போ வந்து நிற்கும்போதே பின்பலகை இடுக்கிலிருந்து கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தெருமுனையிலிருந்து எங்கள் வாசல் வரை ரோட்டில் ஒரு கோடு. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிறகு ஒரு சாக்கை மட்டும் மாடியில் பரப்பிக் காயவைத்து நிறுத்துப் பார்த்தேன். 28 கிலோவாக வந்தது 8 கிலோவாகிக் கிடந்தது. மீதி 20 கிலோவுக்கும் காசு கொடுத்திருக்கிறேன், மழைத்தண்ணீருக்கு.

காய்ந்தாலும் நனைந்தாலும் அது பிடிக்கும் இடம் பெரிதாக மாறாது. அதனால் கன அடிக் கணக்கில் விலை கேளுங்கள். ஜல்லி, மணல் வாங்கிப் பழகியவர்களுக்கு 1 யூனிட் என்றால் 100 கன அடி என்று தெரியும், அதே அளவையிலேயே பேசலாம். 1 சென்ட் நிலம் 435 சதுர அடிக்குச் சொச்சம். அதற்கு 3 அங்குலம் மூடாக்குப் போட 109 கன அடி பிடிக்கும். சென்டுக்கு ஒரு யூனிட், அதற்கு மேல் ஏழெட்டுச் சாக்கு என்று மனசில் வைத்துக்கொண்டால் போதும். எடைக்குத்தான் தருவேன் என்று நின்றால் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தால் திரும்பி வந்துவிடலாம்.

குளச்சல் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். காயல் தண்ணீரில் ஊறப்போட்ட கதம்பையிலிருந்து வந்த கழிவில் உப்பு இருக்கும். காய்கறிப் பாத்திக்கு முன்னால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி வடிக்க வேண்டும், அல்லது ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் குவித்து வைக்க வேண்டும். மட்காத கழிவை மண்ணோடு கொத்திவிடாதீர்கள், மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

கேள்வி: 5 கிலோ கோகோபீட் (அழுத்திய நார்க்கழிவு) கட்டி ஆன்லைனில் வாங்கினேன். 75 லிட்டர் வரும் என்று போட்டிருந்தது. ஊறவைத்தால் 3 வாளிகூடத் தேறவில்லை. எங்கே புகார் செய்வது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: முதலில் அடுத்த கட்டியை ஊறவைக்காமல் தராசில் வையுங்கள். பையில் அச்சிட்ட நிகர எடை குறைந்தால் அது நேரடியான எடைக்குறைவு. 20 லிட்டர் வாளியில் 3 வந்திருந்தால் 60 லிட்டர். நல்ல கட்டியே 60-லிருந்து 75 லிட்டர் வரைதான் விரியும், வெதுவெதுப்பான தண்ணீரில் பொறுமையாக உதிர்த்தால் கொஞ்சம் கூடும். வாங்கும்போது 65 என்று வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம். 1 கன அடி 28.3 லிட்டர். ஆக 1 கட்டி இரண்டேகால் கன அடிதான்.

பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு எல்லாம் இருக்கவேண்டும். இல்லாவிட்டாலோ எடை குறைந்தாலோ தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில்லும், கட்டி தராசில் இருக்கும் போட்டோவும் கையில் இருக்கட்டும். ஊறவைத்த பிறகு எடுத்த போட்டோ எதற்கும் உதவாது.

கேள்வி: ஆரல்வாய்மொழியில் இருக்கிறேன். மரத்தூள் சும்மா கிடைக்கிறது. போடலாமா? இல்லை, பிளாஸ்டிக் ஷீட்டே வாங்கிவிடவா?

பதில்: உங்கள் ஊர்க் காற்றுக்கு மரத்தூள் அடுத்த வீட்டுப் பாத்தியில்தான் போய்ச் சேரும். போடுவதென்றால் நனைத்துப் போட்டு மேலே ஓலையோ சுள்ளியோ வையுங்கள். பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். வீட்டுச் சுவரை ஒட்டியும் போடாதீர்கள், கறையான் வரும்.

ஷீட் முழு ரோலாக வாங்கினால் பெரும்பாலும் 4 அடி அகலம், 400 மீட்டர் நீளம். வீட்டுத் தோட்டத்துக்கு அது ஏழு தலைமுறைக்குக் காணும். வெட்டிக் கொடுக்கும் கடை கிடைத்தாலும், இரண்டு ஓரமும் மண்ணுக்குள் அரை அடி போகவேண்டும் என்பதால் 4 அடி ஷீட் 3 அடிப் பாத்திக்குத்தான் பொருந்தும். நாலடிப் பாத்திக்கு வாங்கி வந்து நடுவில் ஒட்டுப்போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆடிக்காற்றில் அந்த ஷீட் பக்கத்து முருங்கையில் ஏறி ஒரு மாதம் படபடத்துக்கொண்டிருந்தது.