கூரையில் விளையும் மின்சாரத்துக்கு நியாயமான விலை எது?

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கடன் பெற்று வீட்டுக் கூரையில் சோலார் பேனல்கள் அமைத்தோம். கிரிட்டுக்கு, அதாவது பொது மின் வலையமைப்புக்கு, நாங்கள் தரும் ஒவ்வொரு யூனிட்டும் நாங்கள் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஈடாகக் கழிக்கப்படும் என்ற உறுதியை நம்பியே கடன் தவணையைத் திட்டமிட்டோம். இப்போது அந்த முறை முடிவுக்கு வருகிறது என்றும், இனி நாங்கள் தரும் யூனிட்டுக்கு, நாங்கள் வாங்கும் விலையில் பத்தில் மூன்று பங்கே வரவு வைக்கப்படும் என்றும் மின் விநியோக நிறுவனம் கடிதம் அனுப்பியுள்ளது. எங்களிடம் வாங்கும் மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்கு முழு விலைக்கு விற்றுக்கொண்டே எங்களுக்குக் குறைத்துத் தருவது நியாயமா? பேனல் அமைத்துக் கொடுத்தவர், இன்னொரு கடன் வாங்கிப் பேட்டரி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு நியாயங்கள் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்காகப் போராடுவது, எதை ஏற்றுக்கொண்டு கணக்கை மாற்றுவது என்பது தெளிவாகும். யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை என்றென்றும் நீடிக்க வேண்டும் என்பது ஒன்று. அந்த முறையை நம்பி ஏற்கெனவே கடன் வாங்கியவர்களுக்கு நடுவழியில் விதியை மாற்றக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவதில் நிறுவனத்தின் பக்கமும் உண்மை இருக்கிறது. இரண்டாவதில் நியாயம் முழுவதும் உங்கள் பக்கமே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

யூனிட்டுக்கு யூனிட் கழிப்பதை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 1983-இலேயே சட்டமாக்கியது. கூரையில் பேனல் வைத்த வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தவரை அது எளிய, யாரையும் பாதிக்காத ஏற்பாடாகவே இருந்தது. ஆனால் நீங்கள் கட்டும் சில்லறை விலைக்குள் மின்சாரத்தின் விலை மட்டும் இல்லை. கம்பி, மின்மாற்றி, பழுதுபார்ப்பு, இரவில் நீங்கள் விளக்கைப் போடும் அந்த நொடிக்காகத் தயாராகக் காத்திருக்கும் மின் நிலையம் ஆகிய அனைத்தின் செலவும் அதற்குள் அடங்கும். பகலில் கொடுத்து இரவில் எடுத்துக் கட்டணத்தைப் பூஜ்யமாக்கும் வீடு, இவற்றையெல்லாம் பயன்படுத்திக்கொண்டே அவற்றின் செலவில் தன் பங்கைத் தராமல் இருந்துவிடுகிறது. அந்தப் பங்கு வாடகை வீட்டில் இருப்பவர் மீதும், சொந்தக் கூரை இல்லாதவர் மீதும் ஏறுகிறது. மேலும் எல்லாக் கூரைகளும் ஒரே நண்பகலில் மின்சாரத்தைக் கொட்டும்போது, அந்த நேரத்து யூனிட்டின் சந்தை மதிப்பு சரிந்துவிடுகிறது. ஜெர்மனியில் பூஜ்யத்துக்கும் கீழே போகும் மணி நேரங்கள்கூட உண்டு. அத்தகைய நேரங்களில் புதிய சோலார் அமைப்புகளுக்குத் தொகை தரப்படாது என்று அந்த நாடு 2025-இல் சட்டம் கொண்டுவந்தது.

அதற்காக நிறுவனம் சொல்வதுதான் சரியான விலை என்று எண்ணிவிடவும் வேண்டாம். உங்கள் கூரையிலிருந்து போகும் யூனிட் தொலைதூர மின் நிலையத்திலிருந்து வருவதில்லை. பக்கத்து வீட்டுக்கே போய்விடுவதால் வழியில் வீணாகும் மின்சாரம் குறைகிறது, எரிபொருள் மிச்சமாகிறது, கோடைப் பகலில் உச்சத் தேவைக்கெனக் கட்ட வேண்டிய நிலையத்தையும் கம்பிப் பாதையையும் ஓரளவு தள்ளிப்போட முடிகிறது. இவற்றை ஒவ்வொன்றாக மதிப்பிட்டுக் கூட்டி வருவதையே சூரிய மின்சாரத்தின் விலையாகக் கொள்ளும் வழியை, அதே மின்னசோட்டா 2013-இல் சட்டமாக்கியது. நான் அறிந்தவற்றுள் நியாயத்துக்கு மிக அருகில் வரும் வழி இதுவே. பொதுவாக அப்படிக் கிடைக்கும் விலை, மின் நிலையங்களிடம் நிறுவனம் மொத்தமாக வாங்கும் விலைக்கு மேலே ஓர் இடத்தில் நிற்கும். பத்தில் மூன்று என்பது அந்த இடமா என்பதை, நிறுவனம் தன் கணக்கை வெளியிட்டால் மட்டுமே சொல்ல முடியும்.

ஏற்கெனவே அமைத்தவர்களின் உரிமை வேறு விஷயம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தின் மின் ஒழுங்குமுறை ஆணையம் 2015 டிசம்பரில் விலைக் குறைப்பையும், பயன்பாடு எவ்வளவாயினும் மாதந்தோறும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணத்தில் உயர்வையும் பழைய வாடிக்கையாளர்கள் மீதும் சுமத்தியது. எதிர்ப்பு வலுத்ததால், அடுத்த ஆண்டே பழையவர்களுக்குப் பழைய விதியை 20 ஆண்டுகளுக்குத் திருப்பித் தர நேர்ந்தது. கலிபோர்னியா 2023 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்வோரின் வரவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைத்தது. ஆனால் முன்பே இணைந்தவர்களுக்கு, இணைந்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் பழைய முறை தொடர விட்டது. நீங்கள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பும் மனுவில் "முழு விலை வேண்டும்" என்பதைவிட, "நாங்கள் இணைந்தபோது இருந்த விதி, முதலீடு திரும்பும் காலம்வரை எங்களுக்குப் பொருந்த வேண்டும்" என்று கேளுங்கள். இந்தக் கோரிக்கைக்கு முன்னுதாரணம் இருக்கிறது. இணைப்பு ஒப்பந்தத்தில் காலவரம்பு எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழிப்பது மாதத்துக்கு ஒரு முறையா, மணிக்கு ஒரு முறையா, ஆண்டு இறுதியில் மிச்சமிருக்கும் வரவு காலாவதியாகுமா என்பவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலையில் இழப்பதைவிட இந்தச் சிறிய எழுத்துகளில் இழப்பவர்கள் உண்டு.

மனு எப்படி முடிந்தாலும், கடன் தவணை உங்கள் கையில் இருக்கும் கணக்கை வைத்துத்தான் கட்டப்பட வேண்டும். உங்கள் மீட்டரின் திரையில் எடுத்த யூனிட், கொடுத்த யூனிட் என்று இரண்டு எண்கள் மாறிமாறி வரும். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரில் மொத்த உற்பத்தி தெரியும். மூன்றையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். எடுத்துக்காட்டாக உற்பத்தி 400, கொடுத்தது 250, எடுத்தது 200 என்றால், பகலில் நீங்களே நேரடியாகப் பயன்படுத்தியது 150, வீட்டின் மொத்தப் பயன்பாடு 350. சில்லறை விலையைப் பத்து காசு என்று வைத்துக்கொண்டால், பேனல் இல்லாதபோது 3,500 காசு கட்டியிருப்பீர்கள். பழைய முறையில் எதுவும் கட்ட வேண்டியதில்லை. புதிய முறையில் எடுத்ததற்கு 2,000, கொடுத்ததற்கு வரவு 750. ஆகக் கட்ட வேண்டியது 1,250. சேமிப்பு 3,500-இலிருந்து 2,250-ஆகக் குறைகிறது. வருத்தமளிக்கும் குறைவுதான், ஆனாலும் பேனலில் போட்ட பணம் வீணாகிவிடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, பகலில் வீட்டிலேயே செலவாகும் யூனிட்டுக்கு இப்போதும் முழுப் பத்து காசு மதிப்பு இருக்கிறது என்பதே. துணி துவைப்பது, தண்ணீர் சூடாக்குவது, மோட்டார், வாகனத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது என இரவு வேலைகளில் மாதம் 80 யூனிட்டைப் பகலுக்கு மாற்றினால், யூனிட்டுக்கு ஏழு காசு வீதம் 560 காசு மிச்சமாகும். கட்ட வேண்டியது 690-ஆக இறங்கும். நீங்கள் இருவரும் பகலில் வீட்டில் இல்லாததால் ஒரு டைமர் பொருத்திக்கொள்ளுங்கள், அதன் விலை அற்பம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விடுங்கள், இல்லையெனில் பேனல் தருவதற்கு மேல் தேவைப்படுவதை கிரிட்டிலிருந்து இழுத்துவிடும்.

இதைச் செய்த பிறகே பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டும். இரவுத் தேவையாக மிஞ்சியிருப்பது மாதம் 120 யூனிட், அதாவது நாளுக்கு நான்கு. அதைவிடப் பெரிய பேட்டரியின் மீதிப் பகுதி சும்மா கிடக்கும். பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வீணாகிறது. விற்றிருந்தால் கிடைத்திருக்கும் மூன்று காசும் போகிறது. ஆகவே ஒரு யூனிட்டில் உண்மையான லாபம் ஆறே முக்கால் காசுக்குச் சற்றுக் குறைவு. பேட்டரிக்கு வழக்கமாகத் தரப்படும் 10 ஆண்டு உத்தரவாதக் காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், பேட்டரி வழியாக வருவது 14,400 யூனிட், அதில் கிடைக்கும் லாபம் 9,600 யூனிட்டின் சில்லறை விலைக்கு ஈடான தொகை. மேகமூட்ட நாள்களையும் பேட்டரி தேய்வதையும் கழித்தால் 8,000 யூனிட் என்று வைப்பதே பாதுகாப்பு. பேட்டரியின் விலை, பொருத்தும் கூலி, தேவைப்பட்டால் மாற்ற வேண்டிய இன்வெர்ட்டர், கடன் வட்டி ஆகியவற்றைக் கூட்டி, உங்கள் ஒரு யூனிட் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 8,000-ஐத் தாண்டினால் கடன் வாங்கி அதை வைக்க வேண்டாம். மின்கட்டணம் ஏறும் என்ற ஊகத்தை உங்களிடம் விற்பனையாளர் கணக்கில் சேர்த்துக் காட்டுவார், அதை ஏற்காதீர்கள். அடிக்கடி மின்வெட்டு இருந்தால் மட்டும் நிலை வேறு, ஏனெனில் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர் மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். அப்போது பேட்டரியை முதலீடாகக் கருதாமல் வசதிக்கான செலவாகக் கருதி, கையில் இருக்கும் பணத்தில் வாங்குங்கள்.

பேனல்களைக் கழற்றி விற்கும் எண்ணம் வந்திருந்தால் விட்டுவிடுங்கள். அவற்றின் உற்பத்தி ஆண்டுக்கு அரை சதவீத அளவிலேயே குறையும். இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் இன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மாதச் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை இப்போதே தனியே ஒதுக்கத் தொடங்குங்கள். மீதிச் சேமிப்பு தவணைக்குப் போதாமல் போனால், தவணைக் காலத்தை நீட்டிக் கூடுதல் வட்டி கட்டுவதைவிட, வைப்புத் தொகை ஏதேனும் இருந்தால் அதில் ஒரு பகுதியைக் கொண்டு அசலைக் குறைத்து, தவணைத் தொகையைத் திருத்தித் தருமாறு வங்கியிடம் கேளுங்கள். அவசரத் தேவைக்கென வைத்திருக்கும் பணத்தை மட்டும் இதற்காகத் தொட வேண்டாம்.